மரம் தாங்கும் மாளிகை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

கல்லில் கட்டினால் நிலைக்கும், மரத்தில் கட்டினால் மக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் பகுதியில் அந்த எண்ணம் எழுவது இயல்பே. நாமக்கல் கோட்டையும் கல். திருச்செங்கோட்டு மலைக்கோயிலும் கல். ஆனால் தமிழ்நாட்டின் தென்கோடியில் தூண், விட்டம், மச்சு, கூரை எனப் பெரும்பகுதி மரத்தாலேயே அமைந்த மாளிகை ஒன்று தலைமுறை தலைமுறையாக மழையைத் தாங்கி நிற்கிறது. அதுவே பத்மநாபபுரம் அரண்மனை. அது நிற்கும் விதத்தை அறிந்தால் நம் ஊர்ப் பழைய வீடுகளையும் புதிய கண்ணோடு பார்ப்போம்.

வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே, வேளிமலையின் அடிவாரத்தில் இவ்வரண்மனை உள்ளது. வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601-ஆம் ஆண்டளவில் இதைக் கட்டத் தொடங்கியதாகக் கூறுவர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா இதைப் புதுப்பித்து விரிவாக்கினார். நாம் வணங்கும் புனித தேவசகாயம் அந்த மன்னரின் அரசில் பணியாற்றியவரே. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆயினும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே இன்றும் பராமரித்து வருகிறது.

மரச்சட்டகம் நிற்கும் விதம்

நம் உடலை எலும்புகள் தாங்குகின்றன; தோல் மூடி மட்டும் வைக்கிறது. மரச்சட்டகக் கட்டடமும் அப்படித்தான். கூரையின் பாரத்தைக் கைமரங்கள் வாங்கி உத்தரத்திடம் கொடுக்கின்றன. உத்தரம் தூண்களிடம் கொடுக்கிறது. தூண்கள் அதைத் தரையில் இறக்குகின்றன. பாரத்தைத் தூண்களே சுமக்கும் இடத்தில் சுவர் கனமாக இருக்க வேண்டியதில்லை. அங்கே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றும் மங்கிய ஒளியும் வரச் செய்யலாம்.

மரங்களை இணைப்பதில்தான் தச்சரின் திறமை தெரியும். ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செலுத்தி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். இரும்பாணி துருப்பிடித்து மரத்தை அரிக்கும். மர ஆணியோ மழைக்காலத்தில் மரத்தோடு சேர்ந்து சற்றே உப்பும். கோடையில் சேர்ந்து சுருங்கும்.

மரத்தின் முதற்பகை ஈரம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே தண்ணீர் தங்காமல் ஓடக் கூரையைச் செங்குத்தாகச் சரித்தார்கள். சாரல் சுவரைத் தொடாதபடி தாழ்வாரத்தை வெளியே நீட்டினார்கள். தரையின் ஈரம் ஏறாதபடி மரத்தூணுக்கு அடியில் கல் வைத்தார்கள். அழகு என்று நாம் வியக்கும் பலவும் முதலில் பாதுகாப்பே!

காண வேண்டியவை

நுழைவாயிலை அடுத்த பூமுகத்தின் மேற்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளனவாம். அதன் மாடியில் அரசர் அமைச்சரோடு ஆலோசித்த மந்திரசாலை உள்ளது. அதன் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரகத் தகடுகள் உள்ளன. கரிய தரை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இட்டார்கள் என்பர். மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைக் காணலாம். உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் கொண்டது. நவராத்திரி மண்டபத்தை மட்டும் கருங்கல்லால் அமைத்தார்கள். கல்வேலை அறியாததால் மரத்தை நாடவில்லை என்பதற்கு அம்மண்டபமே சான்று.

உலகில் பிற இடங்கள்

ஜெர்மனியில் மிக்கேல்ஸ்டாட் என்னும் சிற்றூரின் நகரமன்றம் 1484-ல் கட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் ஓக் மரத்தூண்கள் நிற்க, திறந்த அந்த இடத்தில் சந்தை கூடியது. மேலே மன்றம் கூடியது. ஜப்பானில் ஈசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வடிவில் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-லும் அவ்வாறு கட்டினார்கள். மூத்த தச்சரின் கைவேலையை இளையவர் அருகிலிருந்து கற்க அது வழிசெய்கிறது. கட்டடத்தைக் காப்பதென்றால் கட்டத் தெரிந்தவரையும் காக்க வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் ஊரில்

மல்லசமுத்திரம் பக்கத்தில் அரண்மனை இல்லை. ஆனால் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகள் உண்டு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் மரத்தூண், மேலே பனங்கை, அதன்மேல் ஓடு. பாரம் இறங்கும் வழி பத்மநாபபுரத்தில் உள்ளதேதான். எங்கள் பாட்டி வீட்டுத் தூண்களுக்குப் பழைய மர வியாபாரி ஒருவர் விலை பேசிச் சென்றிருக்கிறார். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, மழைக்கு ஒழுகுகிறது, கான்கிரீட் வீடே வசதி என்கிறார் என் மாமா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒழுகும் வீட்டில் படுப்பவர்களுக்கே அதன் துன்பம் தெரியும். "தூணை வித்துட்டா அந்தக் காசு தீபாவளியோட தீந்துபோகும்" என்கிறார் பாட்டி. முடிவு இன்னும் ஆகவில்லை. அதற்குள் வீட்டின் நீள அகலத்தை அளந்து, எந்தத் தூண் எந்த விட்டத்தைத் தாங்குகிறது என்று படம் வரைந்து வருகிறேன்.

முடிவுரை

அன்புத் தோழியரே! எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற நம்மால் இயலாது. ஆனால் ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும் நம் எல்லோரிடமும் உண்டு. வரும் விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஒரு பழைய வீட்டை அளந்து வரையுங்கள். அதன் மரவேலையின் நுட்பத்தை வயது முதிர்ந்த ஓர் ஆசாரியிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றோரே, இடிக்கத்தான் வேண்டுமென்றால் இணைப்புகளை வெட்டாமல் கழற்றச் சொல்லுங்கள். மர ஆணியைத் தட்டி எடுத்தால், அதே தூண் இன்னொரு கூரையைத் தாங்கும்.