வீட்டிலேயே சவுக்காரம் செய்யும் முறை

கடையில் சவுக்காரக் கட்டிகளை அடுக்கி விற்கும் நம்மில் பலர், அது எவ்வாறு உண்டாகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்தால் சவுக்காரமும் கிளிசரினும் பிறக்கின்றன, சங்கதி இவ்வளவுதான். பாலஸ்தீனத்து நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெயைக் கொண்டு இதைப் பரம்பரையாகச் செய்து வருகிறார்கள். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2024-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜொகூரில் இருக்கும் நமக்குச் செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் போதும்.

ஓய்வு நேரத்தில் செய்து பார்க்க விரும்பும் அன்பர்கள் முதலில் அறிய வேண்டியது காஸ்டிக் சோடாவைப் பற்றியே. அது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடவேண்டாம். குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. கரைசலைக் குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்ப வேண்டும். இந்நாட்டில் இச்சரக்கு 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. இதற்கென்றே 1962-ல் தனி விதிகளும் ஏற்பட்டன. ஆனபடியால் வாங்குவதற்கு முன்னும், கடையில் வைத்து விற்க எண்ணுவதற்கு முன்னும், மருந்தக அமலாக்கப் பிரிவில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வது அவசியம்.

நிற்க, அளவுக்கு வருவோம். அரைக் கிலோ எண்ணெய்க்குக் கணக்கு இது: செம்பனைச் சமையல் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா 72 கிராம், தண்ணீர் 150 கிராம். இந்த எண்ணெய் முழுவதும் சவுக்காரமாக மாறச் சுமார் 77 கிராம் காரம் வேண்டும். வேண்டுமென்றே ஐந்து கிராம் குறைத்திருக்கிறோம். மிஞ்சும் எண்ணெய் தோலுக்கு இதமாயிருக்கும்.

நான் முதல் தடவை எண்ணெயை நிறுக்காமல் கோப்பையில் 500 மில்லி அளந்து ஊற்றினேன். எடைக்கும் அளவைக்கும் உள்ள பேதம் தெரிந்த வியாபாரிக்கே வந்த புத்தி அது! 500 மில்லி எண்ணெயின் எடை ஏறக்குறைய 460 கிராம்தான். 72 கிராம் காரம் அதற்கு அதிகம். கட்டி பார்வைக்கு அழகாக இருந்தது, கையோ எரிந்தது. சமையல் எண்ணெய் கிலோ கணக்கிலும் தேங்காய் எண்ணெய் மில்லி கணக்கிலும் விற்பதை நாம் அறிவோம். ஆகவே எல்லாவற்றையும், தண்ணீரையுங்கூட, கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். அரிசி நிறுக்கும் தராசு இதற்கு உதவாது. எண்ணெயை மாற்றினால் காரத்தின் அளவும் மாறும்: அரைக் கிலோவும் தேங்காய் எண்ணெயானால் முழுவதும் மாறச் சுமார் 91 கிராம், செம்பனையானால் 70 கிராம்.

காற்றோட்டமான இடத்தில், எவர்சில்வர் பாத்திரத்திலுள்ள தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதைத் தின்றுவிடும். கரைசல் தானாகவே கடுஞ்சூடாகும். வெதுவெதுப்பாக ஆறியபின் எண்ணெயில் ஊற்றி விடாமல் கிண்டவேண்டும். குளிர் நாட்டுப் புத்தகங்கள் தேங்காய் எண்ணெயை உருக்கச் சொல்லும். நம் ஊர் வெக்கையில் அந்த வேலை மிச்சம். கையால் கிண்ட அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். கரண்டியிலிருந்து ஒழுகும் கூழ் மேலே கோடாகச் சற்று நின்றால் பதம் வந்துவிட்டது. காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, ஓரிரு நாள் கழித்துக் கையுறையுடன் துண்டு போடுங்கள்.

அவசரப்பட்டு அன்றே குளிக்கப் போகாதீர்கள். நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு அடுக்கி உலர்த்த வேண்டும். கிளிசரின் ஈரத்தை இழுப்பதால், மழைக்காலத்தில் மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் கட்டிமேல் வியர்வைபோல் நீர் கோக்கும். அது கெடுதலன்று, துடைத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். வெட்டிய கட்டிக்குள் வெண்துகளோ நீர்க்குமிழோ தென்பட்டால் மட்டும் அதை உபயோகிக்கக்கூடாது.

வீட்டில் செய்வதில் நமக்கு ஒரு நிம்மதியும் உண்டு: என்ன கொழுப்பு சேர்ந்தது என்று பிறரைக் கேட்கவேண்டியதில்லை. கடைச் சரக்கில் சோடியம் பாமேட் என்றிருந்தால் செம்பனை. சோடியம் டாலோவேட் என்றிருந்தால் மிருகக் கொழுப்பு. எந்த மிருகம், எப்படி அறுக்கப்பட்டது என்பதை உறையிலுள்ள ஹலால் முத்திரையைக் கொண்டே நிச்சயிக்கலாம்.

கைநேர்த்தி வந்தபின் கடையில் வைத்து விற்கும் ஆசை எழலாம். குளியல் சவுக்காரம் இங்கே அழகுசாதனமாகவே கருதப்படும். விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிப்புப் பதிவு செய்தாக வேண்டும்.