வீட்டில் இரத்த அழுத்தம் அளத்தல்

இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கும்போது நாம் ஒரே அளவோடு நின்றுவிடுவதில்லை. முதலில் சுழிப்பிழை பார்க்கிறோம். பிறகு ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி காண்கிறோம். ஒரு கம்பிக்குக் காட்டும் இந்த அக்கறையை நம் வீட்டாரின் இரத்த அழுத்தத்தை அளக்கும்போது காட்டுகிறோமா? நான் காட்டவில்லை. அதனால் நேர்ந்ததைக் கூறிச் சரியான முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்து சென்ற ஆண்டு முதல் மாத்திரை உண்டு வந்தார். உதவித்தொகைப் பணத்தில் நான் ஒரு மின்னணுக் கருவி வாங்கினேன். ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் உறங்கி எழுந்ததும் அளந்தேன். 124/78 என்று காட்டியது. "பிரஷர் இறங்கிப்போச்சு. இனி மாத்திரை எதுக்குப்பா?" என்றார். நானும் தலையாட்டினேன். மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் அளந்தபோது 172/104 இருந்தது. "வீட்டில் எத்தனை முறை அளந்தாய்?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார். "ஒருமுறை" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இரண்டு எண்கள் ஏன்?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளும்போது ஏற்படும் உச்ச அழுத்தமே மேல் எண். இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது தமனியில் எஞ்சியிருக்கும் அழுத்தமே கீழ் எண். இவை பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படுகின்றன. 120 மி.மீ. பாதரசம் என்பது ஏறத்தாழ 163 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது என்பதை நினைவிற்கொண்டால் இது விளங்கும்.

1733இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதைக் கண்டு எழுதினார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905இல் ரஷ்யரான கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலியைக் கொண்டு இரு எண்களையும் அறியும் வழியைச் சொன்னார். இன்றைய வீட்டுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. தமனித் துடிப்பால் பட்டையிலுள்ள காற்றில் உண்டாகும் அதிர்வுகளை உணர்ந்து, அவற்றிலிருந்து எண்களைக் கணக்கிடுகிறது. ஆகவே கை அசைந்தாலும் பேசினாலும் அளவு பிழைபடும்.

பிழை புகும் வழிகள்

பட்டை இதயத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். அது 10 செ.மீ. தாழ்ந்தால், அந்த உயர இரத்தத் தம்பத்தின் எடையும் சேர்ந்து அளவு சுமார் 8 மி.மீ. கூடும்; உயர்ந்தால் அதே அளவு குறையும். கையின் பருமனுக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடுதலாகவே காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது.

அளக்கும் முறை

1. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகை, கடும் உழைப்பு கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு அமர வேண்டும்.

2. முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும்.

3. சட்டைக் கையின்மேல் சுற்றாமல், வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரு விரற்கடை மேலே பட்டையைச் சுற்றி, கையை மேசைமேல் வைக்க வேண்டும்.

4. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். காலையில் உணவுக்கும் மாத்திரைக்கும் முன்பும், இரவில் ஒருமுறையும் இவ்வாறு ஏழு நாள் அளக்க வேண்டும்.

5. முதல் நாள் அளவுகளை நீக்கி, எஞ்சிய 24 அளவுகளின் சராசரியைக் காண வேண்டும்.

எண்ணின் பொருள்

மருத்துவமனையில் 140/90 என்பது உயர் அழுத்தத்தின் எல்லை. வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. இரு எண்களில் ஒன்று இதனை எட்டினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலருக்கு மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் அளவு கூடும்; வேறு சிலருக்கு அங்கே சரியாக இருந்து வீட்டில் கூடும். இரண்டையும் காட்டிக் கொடுப்பது வீட்டுக் குறிப்பேடே. 180/120ஐத் தாண்டினால் சில நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிடில் அன்றே மருத்துவரை அணுகுக. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை உடன் இருந்தால் மறுமுறை அளந்துகொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

தந்தையார் மீண்டும் மாத்திரை தொடங்கிய பின் நான் எழுதிய 24 அளவுகளில் மிகக் குறைந்த மேல் எண் 126. மிகக் கூடியது 152. சராசரி 139/87. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் மாத்திரையின் அளவைச் சற்றுக் கூட்டினார். அழுத்தம் இறங்கியிருந்தால் அது மாத்திரையின் வேலை. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். பெரும்பாலும் வலியோ தலைச்சுற்றலோ இல்லாமலே ஏறும். மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுத்த பிறகே பலருக்குத் தெரிய வரும்.

நம் கல்லூரியில் பயிலும் நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். "படிக்கிற பிள்ளை சொல்லுது" என்று வீட்டார் நம் சொல்லை நம்புகின்றனர். ஆதலால் அளப்பதும் எழுதுவதும் நம் வேலையாக இருக்கட்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலையாக இருக்கட்டும்.