கடல் கடந்த வக்கீல் நிறுவனங்களும் நம் ஒப்பந்தமும்



நம் ஊருக்கு வக்கீலும் வியாபாரமும் புதிதல்ல. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. அவர்களே வக்கீல்தான். அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் சரக்கு இறக்கும் நாம், அயல்நாட்டு வக்கீல் நிறுவனங்களைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வரவழைத்த பட்டாணியில் ஒரு பகுதி நனைந்து வந்தது. நஷ்டஈடு கேட்டோம். "தகராறு என்றால் லண்டனில் மத்தியஸ்தம், இங்கிலாந்துச் சட்டம்" என்று ஒப்பந்தத்தைக் காட்டினார் விற்றவர். விசாரித்தால், அங்கே வக்கீல் செலவே நஷ்டத்தைவிட அதிகம்! வாய்மூடி நஷ்டத்தை ஏற்றோம்.

ஏன் இத்தனை செலவு? இந்நிறுவனங்கள் மிகப் பெரியவை; பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவை. உதாரணமாக, 1949-இல் சிகாகோவில் இருவர் தொடங்கிய பேக்கர் மெக்கென்சி நிறுவனத்துக்கு இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் அலுவலகங்கள் உண்டு. கம்பெனிகள் வெளிநாடு சென்றன. வக்கீல்களும் பின்னாலேயே சென்றனர்.

இவர்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா? இவ்வழக்கு எழுந்ததே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். ஏ.கே. பாலாஜி வழக்கில், இங்கே அவர்கள் வக்கீல் தொழில் நடத்தக் கூடாது, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி அவ்வப்போது வந்து ஆலோசனை சொல்லலாம் என 2012-இல் அது தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் சிறு மாற்றங்களோடு இதை ஏற்றது. பின்னர் 2023-இல் இந்திய பார் கவுன்சில் விதி வகுத்து, பதிவு செய்து கொண்டால் அயல்நாட்டுச் சட்ட ஆலோசனைக்கும் சர்வதேச மத்தியஸ்தத்துக்கும் வழிவிட்டது. ஆனால் நம் கோர்ட்டில் வாதாட அனுமதியில்லை.

"லண்டன் தீர்ப்பு நம்மை என்ன செய்யும்?" என்று இருந்துவிடாதீர்கள். 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டப்படி, அத்தீர்ப்பை நம் உயர் நீதிமன்றம் மூலமே நிறைவேற்ற முடியும். வந்த நோட்டீசைத் தூக்கி எறிவது ஆபத்து.

ஆகவே கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்:

1. எந்த நாட்டுச் சட்டம்?
2. மத்தியஸ்தம் எந்த ஊரில்? சென்னை என்று கேட்டுப் பாருங்கள்.
3. புகார் செய்ய எத்தனை நாள் கெடு?

சரக்கு இறங்கும்போதே சர்வேயரை வைத்துச் சான்று வாங்குங்கள். ஒப்பந்தத்தை முன்கூட்டியே உள்ளூர் வக்கீலிடம் காட்டும் செலவு சிறிது. விலையைப் பேரம் பேசுவது போல இந்த ஷரத்தையும் பேசுவோம்!