ஐப்பசி அடைமழையில் கறவை மாடு: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரத்தநாடு பக்கம் இரண்டு கறவை மாட்டோடு பால் தொழிலில் இறங்கும் குடும்பத்துக்கு முதல் சோதனை ஐப்பசியும் கார்த்திகையும்தான். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வயலெல்லாம் சம்பா நிற்கும். மாட்டை அவிழ்த்துவிட இடமிருக்காது. மேலே அடைமழை. இந்த இரண்டு மாதமும் கறப்பதைவிடப் பெரிய வேலை ஈரத்தை விரட்டுவது. தரை, வைக்கோல், மடி மூன்றும் காய்ந்திருந்தால் பால் பெரிதாக இறங்காது, வைத்தியச் செலவும் குறையும்.

1. புரட்டாசிக்குள் கொட்டகை

கொட்டகைத் தரை வாசல் மட்டத்தைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். மண் தரையென்றால் கிராவல் கொட்டி இறுக்கி, பின்பக்கம் லேசான சரிவு கொடுங்கள். கோமியமும் கழுவிய தண்ணீரும் தேங்காமல் எருக்குழிக்குப் போக வேண்டும். சாரல் வடக்கிலும் கிழக்கிலும் இருந்துதான் அடிக்கும். அந்த இரு பக்கமும் சாக்குப் படுதா தொங்கவிட்டு, மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். காற்று புகாத கொட்டகையில் தரை காயவே காயாது.

தென்னைக்கு அடியில் கொட்டகை வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

2. வைக்கோல் போர்

ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் வேண்டும். தை அறுவடை வரை சுமார் 100 நாள் என்று வைத்தால், இரண்டு மாட்டுக்கு ஒரு டன். குறுவை அறுப்பு முடிந்த கையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். மிஷினில் அறுத்து உருளையாகக் கட்டிய வைக்கோலை வாங்கும்போது ஒன்றைப் பிரித்து, நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ புழுக்க வாடை அடித்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது; பத்து நாளில் பூசணம் பிடிக்கும். மேட்டில் கல்லோ பனந்துண்டோ பரப்பி, அதன் மேல் போர் போட்டு தார்ப்பாய் மூடுங்கள். கறுத்த வைக்கோலைத் தீனியாகப் போடாமல் எருக்குழியில் தள்ளுங்கள்.

3. தீனிக் கணக்கு

மழைக்காலப் புல்லில் தண்ணீர்தான் அதிகம், நார் குறைவு. வெறும் புல்லைப் போட்டால் சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும். கம்பு நேப்பியரை நறுக்கி, சற்று வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து போடுங்கள். நாளுக்குப் பசுந்தீவனம் 25 கிலோ வரை. கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மொத்தம் ஐந்தரை கிலோ வரும். அதைக் காலை, மாலை எனப் பிரித்து வையுங்கள். தாது உப்புக் கலவையை விட்டுவிடாதீர்கள். புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு நஞ்சு.

வரப்புப் புல் அறுக்கும் முன் பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். யூரியா தெளித்த வயல் தண்ணீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து.

4. கறவை

விடியற்காலையில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றித் துடையுங்கள். ஈர மடியில் கை வைத்தால் அழுக்குத் தண்ணீர் காம்பு வழியே பாலில் இறங்கும். முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரி திரியாகத் தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. அந்தப் பாலைக் கேனில் சேர்க்காதீர்கள். கறந்து முடித்ததும் அயோடின் கரைசலில் காம்பை நனைத்து, உடனே தீனி வையுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாகும். தின்றுகொண்டே நின்றால் அதுவரை மாடு படுக்காது.

5. பால் சொசைட்டி

கறந்த பாலை வடிகட்டி, தாமதிக்காமல் கொண்டுபோங்கள். அங்கே அளவோடு கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் விலை போடுவார்கள். ஐப்பசியில் ரீடிங் இறங்கினால் சண்டைக்குப் போகும் முன் தீனித் தொட்டியைப் பாருங்கள். பல நேரம் குறை வைக்கோலில் இருக்கும்.

6. நோய்த் தடுப்பு

தொண்டை அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாய்க்கால் நத்தைகள் வழியாகத் தட்டைப்புழு பரவும் என்பதால் மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். குளம்பிடுக்கில் சேறு அடைந்து நிற்கவிடாதீர்கள். கொசு, ஈக்கு மாலையில் வேப்பிலை, நொச்சிப் புகை போடுங்கள்.

மாடு அசைபோடுவதை நிறுத்தினாலோ தொண்டை வீங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரத்தநாட்டிலேயே இருக்கிறது.

7. சினை ஊசி

மாட்டுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். மழை இரைச்சலில் கத்துவது கேட்காமல் போகலாம், ஆகவே கண்ணாடிபோல் வழும்பு தொங்குகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. தேதியைக் காலண்டரில் குறியுங்கள். சினைக்காலம் சுமார் 280 நாள்; கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது மாடு எப்போது?

ஐப்பசியில் வாங்காதீர்கள். புது மாடு புது இடத்தில் தீனி குறைக்கும், மழையில் நோய் தெரியாது, வைக்கோலும் பற்றாது. இருக்கும் இரண்டையும் தை வரை மடிநோய் இல்லாமல் கொண்டுவந்து, போரில் மிச்சம் எவ்வளவு, சொசைட்டியில் கைக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். கணக்கு தேறினால், சம்பா வைக்கோல் களத்துக்கு வரும் மாசியில் சந்தைக்குப் போங்கள்.