கடலுக்குள் ஒரு மலை

ஆழ்கடலில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். பல இடங்களில் வலை போட்டாலும் மீன் சிக்காது. சில இடங்களில் மட்டும் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். அங்கே அப்படி என்ன இருக்கிறது?

தண்ணீருக்கு அடியில் ஒரு மலை இருக்கிறது!

கடலின் தரை சமமாக இல்லை. அங்கும் மேடு உண்டு, பள்ளம் உண்டு. எரிமலைக் குழம்பு இறுகிப் பல மலைகள் உண்டாயின. 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகளும் உண்டு. நமது லட்சத்தீவு, கடலடி மலைத்தொடரின் மேல் பவளம் வளர்ந்து உண்டானதுதான். அரபிக் கடலில் மூழ்கியுள்ள ஒரு மலைக்கு விஞ்ஞானி சி.வி. ராமனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மீன்கள் ஏன் கூடுகின்றன?

ஓடையில் கிடக்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். ஓடி வரும் தண்ணீர் அதில் மோதும். மேலே எழும்பும், சுழலும். கடலிலும் அப்படித்தான். நீரோட்டம் மலையில் மோதுகிறது. ஆழத்தில் உள்ள சத்து நீர் மேலே வருகிறது. வயலுக்கு எரு போட்டது போலக் கடலில் நுண்ணிய தாவரங்கள் வளர்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கடலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறிய உயிர்கள் பல மிதக்கின்றன. அவை இரவில் மேலே வந்து மேயும். விடிந்ததும் இருட்டான ஆழத்துக்கு இறங்கும். இரவில் நீரோட்டம் அவற்றை மலைக்கு மேலே கொண்டுவந்து விடும். விடிந்தபின் இறங்க வழி இல்லை. மலை உச்சி தடுக்கிறது. அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களைத் தின்னச் சூரையும் சுறாவும் வரும்.

கூடும் மீனுக்கு ஆபத்து

ஒரே இடத்தில் கூடும் மீனைப் பிடிப்பது சுலபம். அழிப்பதும் சுலபம். நியூசிலாந்துப் பக்கம் ஆரஞ்சு ரஃபி என்ற மீன் கடலடி மலைகளில் கூடும். அது 100 ஆண்டுக்கு மேலும் வாழும். முட்டையிடும் பருவம் வரவே 20 ஆண்டுக்கு மேல் ஆகும். 1980-களில் பெரிய கப்பல்கள் இழுவை வலை போட்டு அதை அள்ளின. பல இடங்களில் மீன் மிகவும் குறைந்து போனது. மலைமேல் வளர்ந்த பவளமும் உடைந்தது. இத்தகைய மலைகளைக் காக்குமாறு 2006-இல் ஐ.நா. பொதுச்சபை எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

லட்சத்தீவின் மினிக்காய் மக்கள் கழித் தூண்டிலால் சூரையை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அதனால் கடலின் தரை கெடுவதில்லை.

மலை மீனைக் கூட்டித் தருகிறது. அள்ளித் தீர்த்துவிட்டால், நாளை நம் பிள்ளைகளுக்கு எது மிஞ்சும்?

பேசுவோம்

1. சிறிய உயிர்கள் மலை உச்சியில் ஏன் சிக்குகின்றன?
2. முட்டையிட 20 ஆண்டு ஆகும் மீனை ஒரே நாளில் அள்ளலாமா?
3. உங்கள் ஊரில் முன்பு கிடைத்து இப்போது குறைந்த மீன் எது?