ஆளுக்கொரு அமானிதம்

"அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார், நீயும் இருக்கிறாயே!" நம் இல்லங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. அது பிள்ளையை மட்டுமா குறை கூறுகிறது? மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹுத்தஆலா (30:22) எடுத்துரைக்கின்றான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை நடத்திய விதத்தைக் கவனியுங்கள். ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் கவிஞர். அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போடச் செய்தார்கள். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களோ, ஹிஜ்ரத்தின்போது சிறுவர். போருக்குரிய வயதில்லை, ஆனால் கற்கும் ஆற்றல் இருந்தது. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணிக்க, அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில், திருக்குர்ஆனைத் திரட்டும் பொறுப்பு அவர்களிடமே வந்தது. "காலிதைப் போல் வாள் பிடி" என்று யாரேனும் விரட்டியிருந்தால்?

நாமும் மத்ரஸாவில் ஓதிய நாளில், இனிய குரலுடைய தோழரைப்போல் ஓத முயன்று சொந்தக் குரலையும் கெடுத்துக்கொண்டதுண்டு.

தொழுகையை விட்டுவிட்டு "என் இயல்பு அப்படி" என்பவருக்கு இதில் ஆதாரம் கிடையாது. ஸஃப்பில் எல்லோரும் தோளோடு தோள்தான்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை பதவி கேட்டார்கள். அவர்கள் அதற்குப் பலவீனமானவர் என்று கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், தமக்கு விரும்புவதையே அவர்களுக்கும் விரும்புவதாகச் சொல்லி, இருவருக்குக்கூடத் தலைமை ஏற்க வேண்டாமென்றார்கள். மறுத்தபோதும், வேறொரு தோழரைக் காட்டி ஒப்பிடவில்லை.