கருங்கடலுக்கு வந்த விருந்தாளி

கண்ணாடிக் குமிழ் ஒன்று கடல்நீரில் மிதக்க, அதன்மேல் எட்டு வானவில் கோடுகள் ஓடுவது போன்ற தோற்றமுடையது சீப்பு ஜெல்லி. டீனோஃபோரா என்னும் இதன் தொகுதிப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'சீப்பு ஏந்தி' என்பது பொருள். உடலின் பெரும்பகுதி நீரே. ஜெல்லிமீனின் நெருங்கிய உறவு எனப் பலர் இதனைக் கருதுவர், அது பொருந்தாது. ஜெல்லிமீன் குடைபோலச் சுருங்கி விரிந்து நீந்தும். கொட்டும் செல்களால் இரையைத் தாக்கும். சீப்பு ஜெல்லியோ எட்டு வரிசைகளில் அமைந்த சீப்புத் தட்டுகளை அசைத்து நகரும். பசை சுரக்கும் செல்களால் இரையை ஒட்டிப் பிடிக்கும். குறுஇழைகள் பல ஒன்றிணைந்து உருவானதே ஒவ்வொரு தட்டும். அவை அடுத்தடுத்து அசைகையில் ஒளி சிதறுவதால் வண்ணங்கள் தோன்றுகின்றன. இதனை உயிரொளி என மயங்குதல் கூடாது. இவ்வினங்கள் பல இருளில் உமிழும் நீலப்பச்சை ஒளியே உயிரொளியாகும்.

இத்துணை மெல்லிய உயிரி ஒரு கடலையே நிலைகுலையச் செய்தது. நீமியாப்சிஸ் லீடி என்னும் இனம் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்திற்கு உரியது. சரக்கில்லாத கப்பல்கள் நிலை தடுமாறாதிருக்கத் தம் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிச் செல்லும். அந்நீரோடு பயணம் செய்து, 1980களின் தொடக்கத்தில் இது கருங்கடலை அடைந்தது. அங்கு இதனை உண்ணும் உயிரி இல்லை. ஆண், பெண் உறுப்புகள் ஒரே உடலில் இருப்பதால் தனித்த ஓர் உயிரியே இனம் பெருக்க வல்லது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடவும் செய்யும். உணவு குறைந்தால் உடலைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கும்.

நெத்திலி மீன்கள் உண்ணும் விலங்கு மிதவை உயிரிகளை இது உண்டது; நெத்திலியின் முட்டைகளையும் இளம் உயிரிகளையும் விட்டுவைக்கவில்லை. 1980களின் இறுதியில் கருங்கடலின் நெத்திலி மீன்பிடிப்பு பெருஞ்சரிவைக் கண்டது. பழி முழுவதையும் ஜெல்லியின் மீது சுமத்துவது முறையன்று. அளவு கடந்த மீன்பிடிப்பும் ஆறுகள் கொணர்ந்த உரக்கழிவும் அக்கடலை முன்பே நலிவுறச் செய்திருந்தன.

1997இல் மற்றொரு சீப்பு ஜெல்லி அங்குக் காணப்பட்டது. பெரோயி என்னும் அதற்கு உணர்நீட்சிகள் இல்லை. பை போன்ற உடலும் அகன்ற வாயும் உண்டு. அதன் உணவு பிற சீப்பு ஜெல்லிகளே. பெரோயி பெருகும் கோடையின் இறுதியில் நீமியாப்சிஸின் எண்ணிக்கை சரிந்தது. மிதவை உயிரிகளும் மீன் முட்டைகளும் மெல்ல மீண்டன. கப்பல் தொட்டி நீரைக் கட்டுப்படுத்த 2004இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நீமியாப்சிஸ் காஸ்பியன் கடலையும் எட்டிவிட்டிருந்தது.